புரட்டாசியில் ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு எடுத்துத் தங்க: முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்துக் கடற்கரைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வீட்டைப் பிடிக்கிறார்கள், பிறகு தேதியைப் பொருத்துகிறார்கள். காற்று என்று ஒன்று இருப்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரியவருகிறது. அதற்குள் முன்பணம் போயிருக்கும். வரிசை இப்படி இருக்க வேண்டும்: காற்று, கரை, தேதி, வீடு. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, குடும்பமாகவோ நண்பர்களாகவோ மூன்று நான்கு நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோயிலுக்கு வந்து ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கித் திரும்புகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

1. முதலில் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே அடிப்பது கச்சான், தென்மேற்கிலிருந்து வரும் காற்று. அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வாடை எடுக்கும். நடுவில், கச்சான் ஓய்ந்து வாடை தொடங்குவதற்கு முன், சில நாட்கள் காற்று இளைத்திருக்கும். கடல் தெளிவது அப்போதுதான். எந்த வருடமும் தேதி போட்டு வருவதில்லை. ஆனாலும் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும் நல்ல கணக்கு.

செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தால் கச்சான் இன்னும் முழு வேகத்தில் இருக்கலாம். வரக்கூடாது என்பதல்ல. சரியான கரையில் தங்கினால் போதும்.

'புரட்டாசி வந்துவிட்டதே, வெயில் குறைந்திருக்கும்' என்று நினைக்க வேண்டாம். இந்த மாவட்டம் மழைக்கு நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையைத்தான். செப்டம்பரில் பகல் நல்ல காய்ச்சலாகவே இருக்கும், எப்போதாவது சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும்.

2. எந்தக் கரை?

ராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் நாங்கள் தென்கடல், வடகடல் என்று பிரித்துச் சொல்வோம். தென்கடல் மன்னார் வளைகுடா. வடகடல் பாக் நீரிணைப் பக்கம். மண்டபம் முனையில் இரண்டுக்கும் நடுவே நடந்து போகும் தூரம்தான், ஆனால் ஒரே நாளில் இரண்டும் இரண்டு விதமாக இருக்கும்.

கச்சான் அடிக்கும்போது தென்கடலில் அலை மோதும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை எடுத்த பிறகு இது அப்படியே மாறி, வடகடல் கலங்கித் தென்கடல் அடங்கும். ஆகவே செப்டம்பரில் பிள்ளைகளோடு குளிக்க வருகிறவர்கள் வடகடல் பக்கம் வீடு தேடுங்கள். உச்சிப்புளிக்கு வடக்கே அரியமான், அதை ஒட்டிய பிறப்பன்வலசை, தீவில் தங்கச்சிமடத்தின் வடக்குக் கரை ஆகியவை இதற்குத் தோதானவை. அரியமானில் மணலும் உண்டு, சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு.

தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரையிலான கரையும் பாக் நீரிணைதான், ஆனால் அங்கே பல இடங்களில் சேறும் அலையாத்திக் காடும். பார்க்க அருமையான இடம், குளிக்க வசதிப்படாது. வரைபடத்தில் நீலம் தெரிகிறது என்று அங்கே முன்பதிவு செய்துவிட்டு 'பீச் எங்கே' என்று கேட்பவர்கள் உண்டு.

கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் தென்கடல் கரை. செப்டம்பரில் அலையும் காற்றும் வேண்டும், தண்ணீரில் இறங்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் அங்கே போகலாம். ஒரு லாபமும் இருக்கிறது: காற்று நிற்காமல் அடிப்பதால் கொசு அண்டாது. வடகடல் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டில் காற்று மறைந்து ராத்திரி புழுங்கும், கொசுவும் சேரும். குளிக்க வடகடல், தூங்கத் தென்கடல் என்றுதான் நான் சொல்வேன். இரண்டில் எது முக்கியம் என்று உங்கள் வீட்டு ஆட்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. தேதி: எந்த நாட்களைத் தவிர்ப்பது

மகாளய அமாவாசை புரட்டாசியில் வரும். முதல் நாளே ராமேசுவரம் நிரம்பிவிடும், பாம்பன் பாலம் வரை வண்டிகள் நிற்கும். தர்ப்பணத்துக்கு வராதவர்கள் அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டு வாருங்கள். காலாண்டு விடுமுறையில் வீட்டு வாடகை ஏறும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் அந்த வாரத்தைத் தொடவே வேண்டாம்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இரண்டு தேதிகள் உண்டு. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரனார் நினைவு நாள். அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, குருபூஜை. இந்த நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவதும், வெளி மாவட்ட வாடகை வண்டிகளைக் கட்டுப்படுத்துவதும் வழக்கம். மதுரையிலிருந்து வரும் பெரிய சாலை பரமக்குடி வழியாகத்தான் வருகிறது. அந்த வாரத்தில் வர வேண்டியிருந்தால் ரயில்தான் நிம்மதி.

4. வீடு பேசும்போது கேட்க வேண்டியவை

படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். போனில் பேசுங்கள். 'எல்லாம் இருக்கு சார்' என்று சொல்பவரிடம்தான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

தண்ணீர். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குழாயில் வருவது போர் தண்ணீரா, காவிரித் தண்ணீரா, லாரியில் வாங்கி ஊற்றியதா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பும் வேகாது. குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பருப்பு முழிக்கும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் யார் கொண்டுவந்து போடுவார்கள், என்ன விலை என்பதை அப்போதே பேசிவிடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று கணக்கு வைத்தால் குறையாது.

கடல் எவ்வளவு தூரம். 'கடலை ஒட்டி' என்ற சொல்லை நம்பாதீர்கள். இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, செயற்கைக்கோள் படத்தில் வீட்டுக்கும் நீருக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இடையில் இறால் பண்ணையோ படகு கட்டும் துறையோ இருந்தால் அந்த இடத்தில் குளிக்க முடியாது. முடிந்தால் காலை வேளையில் கரையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடற்புல் கரையில் ஒதுங்கி மக்கிக் கிடந்தால் அதில் தெரிந்துவிடும். நாற்றம் வீடியோவில் வராது, குவியலைப் பார்த்தே ஊகிக்கலாம்.

ஜன்னல். வலை அடித்திருக்கிறதா, கச்சான் பக்கம் கதவு ஒழுங்காகச் சாத்துமா? தென்கடல் வீட்டில் இரண்டாவது கேள்வி முக்கியம். ராத்திரி முழுக்க ஒரு கதவு அடித்துக்கொண்டே இருந்தால் யாரும் தூங்க மாட்டார்கள்.

மின்சாரம். 'பேக்கப் உண்டா' என்று கேட்டால் உண்டு என்பார்கள். அது மின்விசிறிக்கு மட்டுமா, ஏசிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

சமையல். அடுப்பும் சிலிண்டரும் இருக்கும், மீன் கழுவ வெளியே தொட்டியும் அரிவாள்மனையும் இருக்காது. இரண்டையும் கேட்டு வையுங்கள். சமைத்துத் தர ஊரிலேயே ஓர் அக்கா வருவார் என்றால் தயங்காமல் சரி சொல்லுங்கள். நீங்கள் கொண்டுவரும் மசாலாவைவிட அவர் அரைத்து வைக்கும் குழம்பு நிச்சயம் நன்றாக இருக்கும். கூலியை மட்டும் முதலிலேயே அவரிடமே பேசிக் கையில் கொடுங்கள்.

கடைசியாக, மழை எச்சரிக்கை வந்தால் முன்பணம் திரும்புமா, தேதி மாற்றலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியே போதும்.

5. கையில் இருக்க வேண்டியவை

எல்லோருடைய ஆதார் அட்டையும் வேண்டும். இது எல்லைக் கடல், கடலோரப் போலீசார் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்பது சாதாரணம்.

பவளப் பாறைச் சில்லும் கிளிஞ்சலும் காலைக் கிழிக்கும் என்பதால் தண்ணீரில் போட்டு நடக்கப் பழைய ஷூ. முழுக்கை பருத்திச் சட்டை, தொப்பி, கொசுவத்தி, டார்ச். உப்புக் காற்று படும் என்பதால் கேமராவுக்கு மூடிய பை.

டிரோன் வேண்டாம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம் இருக்கிறது. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் டிரோனும் போகும், அரை நாள் ஸ்டேஷனிலும் போகும்.

6. வந்து சேரும் நாள்

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 115 கிலோமீட்டர். அங்கிருந்து ராமேசுவரம் இன்னும் 55. பகலில் வந்து சேரும்படி கிளம்புங்கள். தோப்பு வீடுகளுக்குத் திரும்பும் மணல் பாதையில் இருட்டில் கார் புதைந்தால் இழுக்க ஆள் தேட வேண்டும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் இறங்கலாம். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேசுவரம் வரை மறுபடி ரயில் ஓடுகிறது. வீடு அரியமான் பக்கம் என்றால் ராமேசுவரம் வரை போகாமல் ராமநாதபுரத்திலேயே இறங்கி ஆட்டோ பிடிப்பது மேல்.

அரிசி, எண்ணெய், காய்கறி, மருந்து, பணம் எல்லாவற்றையும் ராமநாதபுரத்தில் முடித்துக்கொண்டு கடலோரம் திரும்புங்கள். சின்ன ஊர்க் கடையில் கிடைக்காததற்காக மறுபடி டவுனுக்கு ஓடினால் ஒரு காலைப்பொழுது போய்விடும். இங்கே காலைப்பொழுதுதான் விலை மதிப்புள்ளது, காரணம் கீழே வருகிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைப் பிரிப்பதற்கு முன் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். மோட்டார் ஓடுகிறதா, கேன் வந்திருக்கிறதா பாருங்கள். குறை இருந்தால் வீட்டுக்காரர் எதிரில் நிற்கும்போதே சொல்லுங்கள். அவர் போன பிறகு போன் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' போய்விடும்.

7. கடலில் இறங்குவது

இதை மட்டுமாவது முழுவதும் படியுங்கள்.

நேரம்: விடிந்ததிலிருந்து 9 மணி வரை. இந்த நாட்களில் சூரியன் காலை 6 மணியளவில் எழும், மாலை 6.10 அளவில் விழும். முற்பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும், தண்ணீர் கலங்கும், வெயிலும் தாங்காது. 10 மணிக்கு எழுந்து பலகாரம் முடித்து 11 மணிக்குக் கரைக்கு வருகிறவர்கள் பார்ப்பது வேறு கடல்.

இடம்: முதல் நாள் உள்ளூர் ஆள் ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். படகு வந்துபோகும் வழி எது, எங்கே பள்ளம், எங்கே பாறை என்பது அவருக்குத்தான் தெரியும்.

வடகடல் ஆழமில்லாதது, வெகு தூரம் வரை இடுப்பளவுதான். அமைதியாகவும் இருக்கிறது. அதனால்தான் ஏமாற்றுகிறது. கச்சான் அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அலை எழாததற்கும் அதுவே காரணம். காற்றடைத்த டியூப், மிதவை, பிளாஸ்டிக் படகில் பிள்ளையை உட்கார வைத்தால் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். அலை திருப்பிக் கொண்டுவந்து சேர்க்காது. பெரியவர் நீந்தித் துரத்தினாலும் காற்றோடு போகும் டியூபை எட்டுவது கடினம். ஆகவே வடகடலில் கச்சான் காலத்தில் மிதவை கூடாது. பிள்ளைகளுக்கு உடம்போடு கட்டும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், பந்து போனால் போகட்டும் என்று விடுங்கள்.

நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நகருங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். மிதித்தால் வாலால் குத்தும், உரசல் பட்டால் தானே விலகிவிடும். குத்திவிட்டால் காலைப் பொறுக்கும் அளவு சுடுநீரில் வைத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொறி, அதாவது ஜெல்லி மீன் பட்டால் கடல் நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணல் போட்டுத் தேய்ப்பதும் எரிச்சலைக் கூட்டும்.

இந்தப் பருவத்தில் தென்கடலில் சில வருடம் தண்ணீர் பச்சையாக மாறும். பூங்கோரை என்பார்கள், நுண்பாசி பெருகுவதால் வருவது. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் இப்படி ஆகி மீன்கள் செத்து ஒதுங்கின. பச்சையாகக் குழம்பிய நீரில் இறங்க வேண்டாம், ஒதுங்கிய மீனைத் தொடவும் வேண்டாம்.

அவசரத்துக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. கரைக்குப் போவதற்கு முன்பே போனில் பதிந்து வையுங்கள்.

8. மீன் வாங்குவது

ராமேசுவரத்தில் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலை கரை சேரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. வேலைநிறுத்தமோ காற்று எச்சரிக்கையோ இருந்தால் இந்தக் கணக்கு குலையும். நாட்டுப்படகு மீன் அளவில் குறைவு, ஆனால் ஐஸ் படாதது. எனக்குக் கேட்டால் அதுதான்.

விடியற்காலையில் துறைக்குப் போங்கள். ஏலம் நடக்கும்போது நடுவில் புகுந்து விலை கேட்காதீர்கள். ஏலம் முடிந்ததும் கூடை வைத்து உட்காரும் பெண்களிடம் வாங்குங்கள். 'பெரிய மீன் இருக்கா' என்று கேட்பதைவிட 'இன்னிக்கு என்ன நல்லா இருக்கு' என்று கேளுங்கள். நகரை, விளைமீன், பாறை, கணவாய், நீலக்கால் நண்டு என்று அன்றைக்கு வந்ததை வைத்துச் சமையலை முடிவு செய்யுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கூடுதல் காசுக்கு ஐஸ் மீன் கிடைக்கும்.

புரட்டாசியில் நிறையப் பேர் அசைவம் தவிர்ப்பதால் விலை கொஞ்சம் இறங்கும். சுத்தம் செய்து தரவும் ஆள் உண்டு. அதற்குத் தனியாகக் கொடுங்கள்.

9. வெளியே போகும் நாட்கள்

காலையில் கடல், மத்தியானம் வீடு, 3 மணிக்கு மேல் ஊர் சுற்றல் என்று வைத்தால் உடம்பு தாங்கும். தனுஷ்கோடி மட்டும் விதிவிலக்கு. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் மாலையானால் சோதனைச் சாவடியில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள். குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள், நிழல் கிடையாது. கச்சான் நாளில் மணல் முகத்தில் அறையும். முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம், கால்கூட நனைக்க வேண்டாம். பூநாரை பார்க்க வந்தவர்கள் ஏமாறுவார்கள், அவை குளிர்காலத்து விருந்தாளிகள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது எல்லோருக்கும் ஆசை. பின்னால் பேருந்து வரும், பக்கவாட்டில் காற்று தள்ளும். பைக்கில் போகிறவர்கள் கச்சான் நாளில் வேகத்தைக் குறைத்து, பாலத்தை நிற்காமல் கடந்துவிடுங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. 'நான் தீவுக்குக் கூட்டிப்போறேன்' என்று தனிப்படகுக்காரர் யார் சொன்னாலும் ஏறாதீர்கள், அனுமதியில்லாமல் தீவில் இறங்குவது குற்றம். குருசடைத் தீவுக்கு வனத்துறை பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து படகு விடுகிறது. அது தென்கடல் என்பதால் காற்று கூடினால் நிறுத்திவிடுவார்கள், முதல் நாளே விசாரித்து வையுங்கள். அது நடக்காவிட்டால் தேவிபட்டினம் தாண்டித் தொண்டி சாலையில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு போகும். செப்டம்பர் காற்றில் இரண்டில் எது நிச்சயம் என்றால் காரங்காடுதான்.

10. ஊரோடு ஒத்துப்போவது

விரித்த வலையைத் தாண்டாதீர்கள், காயும் கருவாட்டின் பக்கத்தில் செருப்போடு நடக்காதீர்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கரையில் குடிப்பதும் ராத்திரியில் ஸ்பீக்கர் வைப்பதும் எந்த மீனவ ஊருக்கும் பிடிக்காது. 2 மணிக்கு எழுந்து கடலுக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

11. வானிலை மாறினால்

தினமும் காலையில் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை என்றால் நீங்களும் இறங்க வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் பதறத் தேவையில்லை, 1 ஆம் எண் என்பது தொலைவில் உருவாகும் வானிலைக்கான முன்னறிவிப்பு. எண் கூடிக்கொண்டே போனால், தீவில் இருப்பவர்கள் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் வந்துவிடுங்கள். காற்று வேகம் மிஞ்சினால் பாலத்தில் ரயிலை நிறுத்துவார்கள், அப்போது பேருந்தில் இடம் கிடைக்காது.

12. கிளம்பும்போது

பிள்ளைகளின் பையை ஒரு முறை கொட்டிப் பாருங்கள். செத்து ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்துப் போகக்கூடாது, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். கடல் குதிரை, கடல் அட்டை காய்ந்ததை யாராவது 'மருந்து' என்று விற்க வந்தாலும் அதே சட்டம்தான். சங்கு வேண்டுமானால் கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

மீன் கழிவை வீட்டுக்குப் பின்னால் கொட்டாமல் எங்கே போடுவது என்று கேட்டுப் போடுங்கள். குப்பையைக் கட்டி வையுங்கள். காரில் வந்தவர்கள் ராமநாதபுரத்தில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் நிறுத்தி, வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு மதுரைச் சாலையைப் பிடியுங்கள். உப்பு ஒட்டியபடி விட்டால் துருப் பிடிக்க ஆரம்பித்துவிடும்.